வண்டியா, காலா?

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, மீட்டர் பிடிப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த வண்டியில் எந்த ஒயர், எத்தனை வோல்ட் வரவேண்டும் என்பதெல்லாம் போனில் தட்டினால் வந்து விழுகிறது. எங்கள் காலத்தில் கேட்டால் சொல்ல ஆள் கிடையாது. பொம்பளைப் பிள்ளைக்குக் கார் ஒயரிங் எதற்கு என்று கேட்கத்தான் ஆள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் நான் பதில் சொன்னதில்லை. பானெட்டைத் திறந்து வேலையைப் பார்த்தேன். இப்போது கண்ணில் புரை எடுத்து, திருவெறும்பூர் வீட்டில் மகன் போடும் காபியைக் குடித்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருக்கிறேன். காபியில் சர்க்கரை குறைவு என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

நான் சொல்ல வந்தது மீட்டர் பிடிப்பதைப் பற்றி அல்ல. மீட்டர் ஒன்று சொல்கிறது, எதிரே நிற்கும் மனிதர் வேறொன்று சொல்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. சுற்றி நிற்பவர்கள் "முடிவைச் சொல்லுங்க" என்று அவசரப்படுத்துகிறார்கள். அப்போது என்ன செய்வது? அது எந்த போனிலும் வராது. எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் திருவெறும்பூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். பிறகு என் தம்பி குமார் ஸ்ரீரங்கத்துக்குப் போகும் வழியில், மாம்பழச் சாலைப் பக்கம் ஒர்க்‌ஷாப் போட்டபோது அவனோடு சேர்ந்துகொண்டேன். என்ஜின் அவனுக்கு, ஒயர் எனக்கு. அப்படித்தான் பாகம் பிரித்துக்கொண்டோம். அவன் வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுவான், நான் முகத்தில் அடித்த மாதிரிப் பேசுவேன். இரண்டும் தேவைப்பட்டதால் கடை ஓடியது.

ஒரு நாள் காலை ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலிருந்து ஒரு கார் வந்தது. பழைய கார்தான், ஆனால் வைத்திருந்த விதத்தில் வயது தெரியவில்லை. ஓட்டி வந்தவர் பெயர் வைதேகி. சென்னையில் ஒரு காலேஜில் பாடம் எடுப்பவர், உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பக்கத்து சீட்டிலிருந்து இறங்கியவர் மருதமுத்து அண்ணன். வையம்பட்டிப் பக்கத்துக்காரர், அந்த வீட்டுக்கு ரொம்ப வருஷமாக டிரைவர். முதலில் வீட்டு ஐயாவுக்கு ஓட்டினார், ஐயா காலமான பிறகு அம்மாவுக்கு ஓட்டுகிறார். தான் ஓட்டும் காரின் இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கிய டிரைவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

"வண்டி வெட்டறது" என்றார் வைதேகி. "ஆனா அண்ணா ஓட்டினா மட்டும்தான். நான் ஓட்டினா ஒண்ணுமே இல்ல, வழுக்கிண்டு போறது. ரெண்டு இடத்துல காட்டிட்டேன். ஒரு கோளாறும் இல்லன்னு சொல்லிட்டா."

"எப்ப வெட்டுது?" என்று கேட்டேன்.

"மெதுவா, ஒரே சீராப் போறப்ப, மேடம்" என்றார் மருதமுத்து அண்ணன். "பாலத்து மேல. ஒரு நொடி இழுக்கிறதை நிறுத்திட்டு, தூக்கிப் போடுற மாதிரி மறுபடி இழுக்கும்."

"பாலத்துல ஜாயின்ட்ல எல்லா வண்டியும் குதிக்கும்ணே" என்றான் குமார்.

"அது குதிப்பு தம்பி. இது வெட்டு. எனக்கு வித்தியாசம் தெரியும்."

வைதேகி என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய் மீதியைச் சொன்னார். அம்மா பெயர் ரங்கநாயகி. குளியலறையில் விழுந்து முதுகெலும்பில் விரிசல். பெல்ட் கட்டிக்கொண்டு, இப்போதுதான் எழுந்து நடமாடுகிறார். தில்லைநகருக்கு உடற்பயிற்சி சிகிச்சைக்குக் காரில் போய்வருகிறார். போன வாரம் அங்கே போகும் வழியில் பாலத்தில் ஒரு வெட்டு வெட்டியது. அம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் பழையபடி படுக்கைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அண்ணாவ அனுப்பப் போறதில்ல" என்றார் வைதேகி. "அவர் எங்களுக்கு அந்நியர் இல்ல. சம்பளம் அப்படியே இருக்கும். கடைக்குப் போறது, அம்மாவுக்குத் துணை, அதெல்லாம் பாத்துக்கட்டும். ஓட்டறதுக்கு மட்டும் வேற ஆள் வெச்சுடலாம்னு. வயசாறது இல்லையா, கால் முன்ன மாதிரி நிக்காது. நீங்களும் வண்டி சரின்னு சொல்லிட்டா இன்னிக்கே ஏற்பாடு பண்ணிடுவேன்."

அவர் பேச்சில் எனக்குத் தப்பே தெரியவில்லை. என் அம்மாவாக இருந்தால் நான் இவ்வளவு பொறுமையாக இருந்திருக்க மாட்டேன்.

நான் கருவிப் பெட்டியை எடுக்கப் போன இடத்துக்கு மருதமுத்து அண்ணன் பின்னாலேயே வந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். வண்டியில ஒண்ணும் இல்லன்னா இல்லன்னே சொல்லிடுங்க. பாவம் பெரியவன்னு எனக்காக எதையாவது சொல்லிடாதீங்க. கால் போயிருச்சுன்னா போயிருச்சு, அந்தம்மா முதுகு போயிரக் கூடாது."

"உங்க காலுக்கு என்னண்ணே?"

"தெரியலையே. படுத்தா காலையே பாத்துக்கிட்டு இருக்கேன், நடுங்குதா இல்லையான்னு. பாத்துக்கிட்டே இருந்தா நடுங்குற மாதிரிதான் இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். போய் உட்காருங்கள் என்று அவரை அதட்டி அனுப்பினேன்.

மெதுவாகப் போகும்போது வெட்டுகிறது என்றால் நாலைந்து பொருள்களைச் சந்தேகப்படலாம். குமார் அவனுடைய பக்கத்தைப் பார்த்துவிட்டு, பெட்ரோலிலும் பிளக்கிலும் குறை இல்லை என்றான். கோளாறு காட்டும் ஸ்கேனரைச் சொருகினோம், அதுவும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் த்ராட்டில் சென்சார் மேல்தான் கண். உங்களுக்கு அது தெரியும். தெரியாமல் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சின்னப் பொருள் அது. உள்ளே ஒரு கறுப்புப் பட்டை இருக்கும், அதன் மேல் விரல் போல ஒரு சின்னத் தகடு நகரும். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகு இருக்கிறதே, அதே வித்தைதான். அந்தத் திருகு பழசானால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கரகரக்கும், ஞாபகம் இருக்கிறதா?

சாவியைப் போட்டு, என்ஜினை ஓட விடாமல், சென்சார் ஒயரில் மீட்டரை வைத்தேன். மூடியிருக்கும்போது அரை வோல்ட். முழுவதும் திறந்தால் நாலரை. நடுவில் எண்கள் ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கின. புத்தகத்தில் போட்டிருப்பதைப் போலவே.

இங்கே நம் தொழிலின் வழக்கம் ஒன்றைக் கவனியுங்கள். நாம் எல்லோரும் எப்படி அளக்கிறோம்? பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒரு கையில் மீட்டர் முனை, இன்னொரு கையால் த்ராட்டிலைத் திருகுகிறோம். மிதிப்பதற்கு ஆளைக் கூப்பிடுவதில்லை, கூப்பிட நேரமும் இல்லை. நம் கை எவ்வளவு மெதுவாகத் திருகினாலும் ஒரு மூச்சில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடும். சாலையில் எந்தக் காலும் அப்படி மிதிப்பதில்லை. எனக்கு முன்னால் பார்த்த இரண்டு ஒர்க்‌ஷாப்பிலும் இப்படித்தான் பார்த்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அதைத்தானே செய்தேன்.

குமார் காதோரம் வந்து, "அக்கா, எதுக்கு வம்பு? சென்சாரப் புதுசா மாத்தி விட்டுடுவோம். சரியானா சரி, இல்லன்னா அடுத்ததப் பாப்போம்" என்றான்.

"சரியாயிட்டா எதனால சரியாச்சுன்னு சொல்லுவ?"

"எதனாலயா இருந்தா என்னக்கா? வண்டி ஓடினாப் போதாதா?"

"வண்டிக்குப் போதும். அந்த ஆளுக்கு?"

"எந்த ஆளுக்கு?"

"போடா, போய் டீ வாங்கிட்டு வா."

யோசித்துப் பாருங்கள். பார்க்காமல் மாற்றிவிட்டால் வெட்டு நின்றும் போகலாம். நின்றால் அந்தப் பெண், அண்ணன் பயந்துபோய் ஜாக்கிரதையாக ஓட்டுகிறார் என்று நினைப்பார். மருதமுத்து அண்ணனும் அதையேதான் நினைப்பார். ஒவ்வொரு முறை பாலத்தில் ஏறும்போதும் காலைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். சாலையைப் பார்க்காமல் காலைப் பார்க்கும் டிரைவரைவிட ஆபத்து உண்டா? அதற்காகத் தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல, "சென்சார்தான் போச்சு, அண்ணன் மேல தப்பில்ல" என்று அடித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. பின் சீட்டில் உட்காரப் போவது விரிசல் விட்ட முதுகு. மருதமுத்து அண்ணன் என்னிடம் கேட்டதும் உண்மையைத்தான், ஆறுதலை அல்ல.

கையால் திருகுவதை விட்டுவிட்டு, காலாலேயே மிதிக்க வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். டிஜிட்டல் மீட்டரை வைத்துவிட்டு முள் மீட்டரை எடுத்தேன். டிஜிட்டல் நிதானமாக யோசித்து எண்ணைக் காட்டும், அதற்குள் கண் சிமிட்டும் நேரத்தில் வந்துபோன பிழை ஓடிவிடும். முள் மறைக்காது, தடுக்கினால் தடுக்கினேன் என்று காட்டிவிடும். அண்ணனை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். வைதேகி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மிதிங்கண்ணே, எப்பவும் மிதிக்கிற மாதிரி."

அவர் மிதித்தார். டாக்டர் முன்னால் நாக்கை நீட்டுகிறவரைப் போல விறைப்பாக, அடி வரை ஒரே அழுத்து, பிறகு விட்டார். மறுபடி அழுத்து. முள் பிசிறில்லாமல் ஏறி இறங்கியது. நாலைந்து தடவை பார்த்தாயிற்று.

"ஒண்ணும் தெரியலையே" என்றார் வைதேகி. அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. கவலைதான் இருந்தது.

மருதமுத்து அண்ணன் இறங்கினார். சட்டைப் பையிலிருந்து அவரிடம் இருந்த இன்னொரு சாவியை எடுத்தார். துடைத்துவிட்டு இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தாங்கம்மா. நீங்க சொன்னது சரிதான். வேற ஆளப் பாத்துருங்க."

வைதேகி வாங்கிக்கொள்ளவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. குமார் டீ கிளாஸோடு அப்படியே நின்றுவிட்டான். மூன்று பேரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"சாவிய உள்ள வைங்கண்ணே" என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. "நான் பாத்து முடிச்சுட்டேன்னு சொன்னேனா? யாரு முடிவு சொன்னா இங்க?"

அவர் சாவியை நீட்டியபடியே நின்றார். எனக்கு அடுத்து என்ன செய்வதென்று உண்மையில் தெரியவில்லை. நேரம் கடத்துவதற்காகத்தான் ஒரு கேள்வி கேட்டேன்.

"பாலத்து மேல என்ன வேகத்துல போவீங்க?"

"வேகமெல்லாம் பாக்குறதில்ல தங்கச்சி."

"முன்னாடி முள்ளு இருக்குல்ல, அதுல எவ்வளவு?"

"அத நான் பாக்குறதே இல்லைங்க. அம்மா சுலோகம்தான் கணக்கு."

"என்ன சுலோகம்?"

அவருக்குச் சொல்லத் தயக்கம். வைதேகிதான் விளக்கினார். கார் வீட்டு வாசலை விட்டுக் கிளம்பியதும் அம்மா சுலோகம் சொல்ல ஆரம்பிப்பார். அப்பா இருந்த காலத்திலிருந்தே அந்த வழக்கம். பாலத்தைத் தாண்டும்போது சுலோகம் முடிய வேண்டும். முன்னாலும் முடியக் கூடாது, பின்னாலும் முடியக் கூடாது. பாதியில் ஹாரனும் பிரேக்கும் வந்து நிறுத்தினால் அம்மாவுக்கு அன்றைய நாளே சரியில்லாமல் போய்விடும்.

"அம்மா குரல் போற வேகத்துல கால் தானாப் போய் நின்னுக்கும்" என்றார் மருதமுத்து அண்ணன். "நான் ஒண்ணும் பண்றதில்ல."

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. இவ்வளவு நேரமும் அந்த மனிதரின் காலையே நான் பார்க்கவில்லை. பயந்துபோன ஒரு காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எப்பவும் மிதிக்கிற மாதிரி மிதிங்க" என்று சொன்னால் யாராலும் அப்படி மிதிக்க முடியாது. எப்போதும் மிதிக்கும்போது கால் என்ன செய்கிறது என்று நமக்கே தெரியாதே.

"அம்மாவைக் கூட்டிட்டு வர முடியுமா?" என்று வைதேகியைக் கேட்டேன்.

"இங்கயா? அம்மாவா?"

"வண்டிய ஓட்டப் போறதில்லைங்க. என்ஜினே ஓடாது. பின்னாடி சீட்டுல சும்மா உக்காந்து சுலோகம் சொல்லணும், அவ்வளவுதான். நீங்க ஓட்டினா வெட்டுறதில்லையே, நீங்களே கூட்டிட்டு வாங்க."

எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று குமார் பார்த்தான். வைதேகி, நீட்டிய கையோடு நின்றிருந்த மருதமுத்து அண்ணனைப் பார்த்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வெயில் ஏறும் முன்பே கார் திரும்பி வந்துவிட்டது. பின் சீட்டில் தலையணை வைத்து, பெல்ட் கட்டி, நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு ரங்கநாயகி அம்மா உட்கார்ந்திருந்தார். சின்ன உருவம், குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"இவ ஓட்டினா சுலோகத்துல நாலு அடி சேவிக்கறதுக்குள்ள கொண்டு வந்து தள்ளிடறா" என்றுதான் ஆரம்பித்தார். "நீதான் மீட்டர் வெச்சுப் பாக்கற பொண்ணா? நன்னா இரு. என்ன பண்ணணும் நான்?"

"ஆத்துலேந்து கிளம்பற மாதிரி சொல்லுங்கோம்மா, அது போறும்" என்றேன். அவர் வீட்டுப் பேச்சு என் வாயிலும் வந்துவிட்டது.

"மிஷினுக்குப் பெருமாள் நாமம் சொல்லணுமாக்கும். பேஷ். சொன்னாப் போச்சு."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தான் குமார். வெளியில் எதுவும் சாப்பிடுவதில்லை என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டு, தான் கொண்டு வந்த செம்பிலிருந்து ஒரு வாய் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். மருதமுத்து அண்ணன் டிரைவர் சீட்டில் ஏறினார். பானெட் திறந்திருந்ததால் அவருக்கு என்னையும் தெரியாது, மீட்டரையும் தெரியாது. எதிரே வெறும் தகரம். சாவியை மட்டும் போட்டார்.

அம்மா சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்கள். அவசரமில்லாத, ஏற்ற இறக்கம் அதிகமில்லாத குரல். ஒரு பேரும் அடுத்த பேரும் கைகோத்துக்கொண்டு போவது போல இருந்தது. முள் மெதுவாக நகர்ந்தது. கொஞ்சம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. வீதியைத் தாண்டுகிறார், திருப்பத்தில் திரும்புகிறார் என்று எனக்கே தெரிந்தது. பிறகு ஓர் இடத்தில் போய் நின்றது. ஆணி அடித்தது போல நின்றது. பாலத்தில் ஏறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நின்ற முள் சட்டென்று கீழே விழுந்து மறுபடி பழைய இடத்துக்கே வந்தது.

குமார் என் கையைப் பிடித்தான். பேசாதே என்று தலையாட்டினேன். அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். மறுபடி ஒரு விழுதல், மறுபடி எழுந்தது. பிறகு ஒரு நடுக்கம். ஒயரை ஆட்டிப் பார்த்தேன், ஒயரில் எதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் ஏமாறுவீர்கள், பிள்ளைகளே. முள் விழுந்துவிட்டது என்று குதிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் முள் விழுந்ததற்குக் கால் நடுங்கியது காரணமாக இருக்கக் கூடாதா? அந்தக் கேள்வியை வைதேகி கேட்பதற்கு முன் நான் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதி உண்மையோடு எழுந்து போய்விட்டால் மீதிப் பாதி பின்னாலேயே துரத்திக்கொண்டு வரும்.

சுலோகம் முடியும்வரை காத்திருந்தேன். முடிந்ததும், "மருதமுத்து அண்ணே, இறங்குங்க. வைதேகியம்மா, நீங்க வந்து உக்காருங்க" என்றேன்.

"நானா?"

"நான் சொல்ற வரைக்கும் மெதுவா மிதிங்க. இன்னும் கொஞ்சம். இன்னும். கொஞ்சம் விடுங்க. ஆங், அங்கயே காலை வெச்சிக்குங்க, நகத்தாதீங்க."

அண்ணன் முள்ளை நிறுத்திவைத்திருந்த அதே இடத்தில் வைதேகியின் காலை நிறுத்தினேன். முள் விழுந்தது. எழுந்தது. விழுந்தது.

"குமாரு, நீ உக்காரு" என்றேன். குமாரின் காலுக்கும் விழுந்தது. ஒரு மயிரிழை அதிகமாக மிதித்தால் விழவில்லை. ஒரு மயிரிழை விட்டாலும் விழவில்லை. அந்த ஓர் இடத்தில் மட்டும் யார் மிதித்தாலும் விழுந்தது. வைதேகி வேகமாக ஓட்டுகிறவர், அந்த இடத்தை ஒரு நொடியில் தாண்டிப் போய்விடுவார். அங்கேயே தங்கி நிற்கிற கால் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது.

வைதேகியை அழைத்து முள்ளைக் காட்டினேன். முள் விழும்போதெல்லாம் காலை எடுத்துவிட்டதாக வண்டி நினைத்துக்கொள்கிறது, அதுதான் வெட்டு என்றேன். அவர் படித்தவர், இரண்டு வார்த்தையில் புரிந்துகொண்டார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மருதமுத்து அண்ணன் மட்டும் இன்னும் நம்பவில்லை. தள்ளியே நின்றார்.

குமார் டவுனுக்குப் போய்ப் புது சென்சார் வாங்கி வந்தான். மாட்டினேன். அம்மாவைத் திரும்பவும் சொல்லச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. "ஒரு தரம் சொன்னா என்ன, ரெண்டு தரம் சொன்னா என்ன, புண்ணியந்தானே" என்று அவரே ஆரம்பித்துவிட்டார். முள் அதே இடத்துக்குப் போய் நின்றது. கடைசிவரை ஆடவில்லை.

கழற்றிய சென்சாரை நான் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி, மூடியைப் பிரித்தேன். உள்ளே அந்தக் கறுப்புப் பட்டை. பட்டை முழுக்கப் பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது. ஓர் இடத்தில் மட்டும், குறுக்கே, நகத்தால் கீறியது போல மெல்லிசாக ஒரு கோடு. அங்கே கறுப்பே இல்லை.

"அண்ணே, இங்க வாங்க."

வந்தார்.

"இது உங்க காலு தேச்சது. பாலத்து மேல இத்தன வருஷமா நீங்க காலை வெச்ச இடம் இது. கால் நடுங்கியிருந்தா பட்டை பூராவும் அங்கங்க தேஞ்சிருக்கும். இங்க பாருங்க, கோடு எவ்வளவு மெல்லிசா இருக்குன்னு. ஒரு எள்ளு அகலம் கூட இல்ல. எங்க தொழில்ல இப்படி ஒரு கால நான் பாத்ததில்லண்ணே."

அவர் சென்சாரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் அந்தக் கோட்டைத் தொட்டார். வாய் கோணியது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குழாயடிப் பக்கம் போய்விட்டார். நாங்கள் யாரும் பின்னால் போகவில்லை.

"நான்தான் சொன்னேனே, அவன் கால்ல என்ன தப்புன்னு" என்றார் ரங்கநாயகி அம்மா காருக்குள்ளிருந்து. "யார் கேட்டா?"

முகம் கழுவிக்கொண்டு அண்ணன் திரும்பி வந்தபோது வைதேகி காரைச் சுற்றிப் போய் அம்மா பக்கத்தில் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். முன் கதவு திறந்திருந்தது.

"அண்ணா, நீங்க ஓட்டுங்கோ. தில்லைநகர் போக நாழியாச்சு."

மருதமுத்து அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இந்தப் புதுசும் அதே இடத்துலதான தேயும்?"

"தேயும்ணே. உங்க காலு மாறாதே."

"தேயட்டும்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கார் மாம்பழச் சாலையில் இறங்கிப் பாலத்துப் பக்கம் திரும்பியது. பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஹாரனில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. அதற்குப் பின்னால் ஒரு லாரி, அதுவும் சேர்ந்துகொண்டது. மருதமுத்து அண்ணன் ஒரு மயிரிழை கூட வேகத்தைக் கூட்டவில்லை.